பார்க்க வேண்டிய இடங்களில் ஆறாவது

என் மனைவி மைமூன் எங்கள் ஊரில் பார்க்க வேண்டிய இடங்களில் ஆறாவது. ஐந்தாவது கடல். ஏழாவது இன்னும் முடிவாகவில்லை.

முதல் நான்கும் எல்லாத் துறைமுக ஊரிலும் உள்ளவைதான். கலங்கரை விளக்கம், கோட்டை, ஒல்லாந்தர் கல்லறை, பழைய சுங்க மாளிகை. கோட்டைக்குச் சுவர் கிடையாது. சுவர் இருந்த இடத்தில் கயிறு கட்டியிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். கழுத்து வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே பஸ் ஏறுகிறார்கள். கடலுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

மைமூனுக்கு விடுமுறை இல்லை.

அவள் ஆறாவது ஆனது ஒரு மதியம். எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். வெயிலுக்குப் பயந்து சுங்க மாளிகை நடைவழியில் குறுக்கே புகுந்தாள். பாதியில் இடது செருப்பின் வார் அறுந்தது. அங்கே சுவரோரம் ஒரு மரப்பெஞ்சு உண்டு. உட்கார்ந்தாள்.

அப்போது ஒரு பஸ் வந்தது. இறங்கியவர்கள் நடைவழியைப் பார்த்தார்கள், பெஞ்சைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். ஒருவர் படம் எடுத்தார். படம் எடுக்கும்போது அசையக் கூடாது. மைமூன் மரியாதை தெரிந்தவள். அசையவில்லை. அவர் முடித்ததும் எழுந்துகொள்ளலாம் என்று இருந்தாள். அவர் முடிப்பதற்குள் அடுத்தவர் எடுக்க ஆரம்பித்தார். எல்லோரும் முடிப்பதற்குள் அடுத்த பஸ் வந்துவிட்டது.

மறுநாள் பலகை வைத்தார்கள். அவள் பெயர் அதில் இல்லை. 'காத்திருக்கும் பெண்' என்று இருந்தது. யாருக்காக என்று கேட்டேன். பலகையில் அதற்கு இடம் போதவில்லை என்றார்கள்.

தூக்குச்சட்டியையும் அவளோடு சேர்த்துக்கொண்டார்கள். அன்று நான் பட்டினி.

டிக்கெட் கொடுப்பது அவளுடைய அண்ணன் சேகுனா. எனக்கு மச்சான். ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் நாங்கள். முதல் நாள் நான் நேராக உள்ளே நடந்தபோது ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சட்டையைப் பிடித்தான்.

"டிக்கெட் மச்சான்."

"என் பொஞ்சாதியைப் பார்க்க எனக்கு டிக்கெட்டா?"

"எனக்குந்தான் தங்கச்சி. நான் எடுக்கலையா?" எடுத்த டிக்கெட்டைக் காட்டினான். பொத்தானில் குத்தியிருந்தான். "உள்ளூர்க்காரருக்குச் சலுகை உண்டு. உனக்குப் பாதிதான்."

"பாதியிலயும் கொஞ்சம் பார்த்துப் போடு."

"சம்பந்தம் வேற, வியாபாரம் வேற. வரிசையில வா."

வந்தேன். அந்த நடைவழிக்கு ஒரு குணம். ஆள் கூடக் கூட நீளும். கூட்டமில்லாத நாளில் மைமூன் கூப்பிடு தூரத்தில் இருப்பாள். பள்ளிக்கூட விடுமுறை விட்டால் காலையில் வரிசையில் நின்றவன் மாலைத் தொழுகைக்குத்தான் பெஞ்சுக்குப் போய்ச் சேருவான். வழியில் சுண்டல் விற்கிறார்கள்.

கூட்டத்துக்கு விளக்கம் சொல்கிறவன் மச்சாது. கழுத்தில் சிலுவை, கையில் குடை. குடையை அவள் பக்கம் நீட்டி ஒரே மூச்சில் சொல்லுவான்.

"இந்த அம்மா கடல்ல போன புருஷனுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க. புருஷன் பெரிய மாலுமி. புயல் வந்தது. கப்பல் திரும்பலை. அம்மா எழுந்திரிக்கலை."

"நான்தான் அந்தப் புருஷன்," என்றேன். "கடலுக்கே போனதில்லை. தோணியில் கால் வச்சா எனக்கு வாந்தி வரும்."

"பாய், பின்னால நிக்கிறவங்களுக்கு மறைக்குது."

"செருப்பு அறுந்து உட்கார்ந்தாப்பா அவ."

"செருப்புக்கு யாரு பாய் அழுவாங்க?"

கூட்டத்தில் நிறையப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். தொப்பி போட்ட ஒரு பெரியவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இந்த அம்மா எந்த நூற்றாண்டு என்று என்னிடம் கேட்டார். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம் என்றேன். அதற்கு முன்பு என்றார். அதற்கு முன்பு பிறந்திருந்தாள் என்றேன். அவர் குறித்துக்கொண்டார்.

மைமூன் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. படம் கெட்டுவிடும்.

பூட்டிய பிறகு எழுந்து வரலாமே என்று சேகுனாவைக் கேட்டேன். பூட்டினாலும் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள் என்றான். யார் என்றேன். கலங்கரை விளக்கம் என்றான். அது சுற்றிச் சுற்றி வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போகிறதாம். விடியும்வரை.

எனக்குக் கலங்கரை விளக்கத்தின் அடியில் சங்குக் கடை. கடை என் பெயரில், நடத்தியது மைமூன். இப்போது சுண்ணாம்பில் செய்த சின்ன மைமூன்களும் கடைக்கு வருகின்றன. நன்றாகப் போகிறது. பேரம் பேசாமல் நான் விற்கிற ஒரே சரக்கு அதுதான். பொம்மைக்கு இரண்டு காலிலும் செருப்பு இருக்கிறது. அது தப்பு. சொல்லிப் பார்த்தேன். அச்சு அப்படி என்றார்கள்.

அறுந்த செருப்பை முதல் நாளே எடுத்து வந்துவிட்டேன். தைத்துப் பையில் வைத்திருக்கிறேன்.

மைமூன் எப்படி வியாபாரம் செய்வாள் என்பதைச் சொல்ல வேண்டும்.

பேரத்தில் கடைசி ஆயுதம் கால்தான். விலை படியவில்லையா, சரக்கைக் கீழே வைத்துவிட்டு நட. திரும்பிப் பார்க்காதே. கடைக்காரன் கூப்பிடுவான். "சரி, வாங்க, எடுத்துக்கோங்க" என்பான். நான் அப்படிப்பட்ட கடைக்காரன். போகிறவன் பக்கத்துக் கடையைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டுவிடுவேன். மைமூன் கூப்பிட மாட்டாள். போகிறவன் முதுகைப் பார்த்துக்கொண்டு சோழியைத் துடைப்பாள். அதோடு விடமாட்டாள். தானாகத் திரும்பி வந்தவனுக்குக் கொடுக்கவும் மாட்டாள்.

ஒருமுறை ஒரு நல்ல பால்சங்கைப் பேசிவிட்டுப் போன ஆள் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"நீங்க சொன்ன விலையே தாரேம்மா."

"வித்துப்போச்சு."

"இதோ இருக்கே."

"ஆமா, இருக்கு. வித்துப்போச்சு."

அந்தச் சங்கு இன்னும் கடையில் இருக்கிறது. விற்றுப்போனது.

அவள் வாழ்க்கையில் ஒரே ஒருவனைத்தான் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள். அது நான். கல்யாணத்துக்கு முன்னால் அவள் வாப்பாவின் சரக்குக் கிட்டங்கியில் சங்கு எடுக்கப் போனேன். விலை படியவில்லை. நடந்தேன். வாசல் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அவங்களை நிக்கச் சொல்லுங்க வாப்பா." நின்றேன். நான் கேட்ட விலைக்கே மூட்டையோடு கொடுத்தார்கள். வீட்டில் போய் ஊதிப் பார்த்தேன். அத்தனையும் விரிசல். ஒன்றுகூட ஊதவில்லை. அடுத்த மாதம் பெண் கேட்டு ஆள் அனுப்பினேன்.

கடைசியில் நான் அதிகாரியைப் பார்க்கப் போனேன். அலுவலகம் கலங்கரை விளக்கத்துக்குள் இருக்கிறது. மேலே ஏறினால்தான் கீழே உள்ள அறைக்குப் போக முடியும். அதிகாரி ஓர் அம்மாள். மேசையைச் சுற்றி விளக்கின் வெளிச்சம் வந்துகொண்டே இருந்தது. வெளிச்சம் தன்மேல் விழும்போது மட்டும் பேசுவார். மற்ற நேரம் இருட்டில் நகத்தைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

"என் பொஞ்சாதியை வீட்டுக்கு அனுப்புங்க," என்றேன்.

வெளிச்சம் வந்தது.

"கலங்கரை விளக்கத்தை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி யாராவது கேட்டாங்களா?"

"அதுக்குப் புருஷன் இல்லைங்களே."

இருட்டு. பிறகு வெளிச்சம்.

"இருந்தார். அவர் கேட்கலை."

அடுத்த சுற்றில் அவரே பேசினார்.

"சனங்க கடலைப் பார்த்துட்டு இவ்வளவுதானான்னு போறாங்க. உங்க சம்சாரத்தைப் பார்த்துட்டு அழுறாங்க. அழுதவங்க அடுத்த வருஷமும் வருவாங்க."

"நானும் அழுறேன்."

"நீங்க உள்ளூர். உள்ளூர் அழுகை கணக்குல வராது."

"வழியே இல்லையா?"

மூன்று சுற்று நகம். நாலாவதில் சொன்னார்.

"உண்டு. அவங்களே ஒரு எண் சொல்லணும். இத்தனை வருஷம் வீட்டுல இருந்துட்டு வாரேன்னு. எவ்வளவு சொன்னாலும் அனுப்பிடுவோம். பேரம் கிடையாது."

"நூறு வருஷம்னு சொன்னா?"

"நூறு."

"தொண்ணூறுல முடிப்போமே," என்றேன்.

வெளிச்சம் அவர் முகத்தைக் கடந்து போனது. போகும்போது அவர் வாய் திறந்திருந்தது.

அது பழக்கம். எங்கள் தெருவில் பிறந்தவனிடம் யார் எந்த எண்ணைச் சொன்னாலும் குறைத்துக் கேட்பான். என் வாப்பாவைப் பத்து நாள் படுக்கையில் இருக்கச் சொன்னார் டாக்டர். வாப்பா பேசிப் பேசி நாலில் முடித்தார். ஐந்தாம் நாள் எழுந்து கடைக்குப் போனார். கல்லாவிலேயே மவுத்தானார். டாக்டரையே ஆறு நாள் இறக்கிய மனுஷன் என்று தெருவில் இன்றைக்கும் பெருமையாகப் பேசுவார்கள்.

"ஏன் இவ்வளவு தாராளம்?" என்று அதிகாரியைக் கேட்டேன்.

"பார்க்க வேண்டிய இடங்கள் பேசாது. இதுவரைக்கும் எதுவும் எண் சொன்னதில்லை."

"கையால சொல்லலாமா?"

"கை தெரிஞ்சா படத்துல விழும்."

"மேலே துண்டு போட்டுக்குறேன்."

இருட்டு. நகம். வெளிச்சம்.

"போட்டுக்கோங்க," என்றார்.

முத்து ஏலம் நடந்த காலத்திலிருந்தே எங்கள் ஊரில் பெரிய விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேரும் துண்டுக்கடியில் கையைக் கோப்பார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. முழுக் கையைப் பிடித்தால் ஐந்து. பிடித்துவிட்டுத் தட்டினால் படியாது என்று அர்த்தம். அழுத்தினால் முடிந்தது. முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. பக்கத்தில் நிற்பவன், இரண்டு பேர் சும்மா உட்கார்ந்து வெயிலைப் பார்க்கிறார்கள் என்று நினைக்க வேண்டும்.

மைமூனுக்கு இது தாய்ப்பாலோடு வந்தது. வீட்டில் விருந்தாளி இருக்கும்போது முக்காட்டுத் துணிக்கடியில் என் கையைப் பிடிப்பாள். சட்டியில் எத்தனை மீன்துண்டு மிச்சம் என்று சொல்லுவாள். அதற்கு மேல் நான் யாரையும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. ஆள் போன பிறகு சில சமயம் கையை விடமாட்டாள். அப்போது எண் எதுவும் சொல்லமாட்டாள்.

மறுநாள் டிக்கெட் எடுத்தேன். சேகுனா ஜன்னலை அடைத்துவிட்டுக் கூடவே வந்தான். துண்டு விலைக்குச் சாட்சி வேண்டும். சாட்சிக்குக் கை தெரியாது. முடிந்ததும் வாய்விட்டு அறிவிப்பது அவன் வேலை.

நான் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மச்சாது குடையை நீட்டி, "இப்ப ஒரு உறவுக்காரர் வந்திருக்கார்," என்று கூட்டத்துக்குச் சொன்னான். தோள்துண்டை எங்கள் இரண்டு பேர் கைமேலும் போட்டேன். எதிர்ச்சுவரைப் பார்த்தேன்.

அவள் கை ஈரமாக இருந்தது. கடல் பக்கத்தில் எல்லாமே ஈரமாகத்தான் இருக்கும்.

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு என் முழுக் கையையும் பிடித்தாள். விட்டாள். மறுபடி முழுக் கையையும் பிடித்தாள்.

பத்து.

எனக்கு வயது அறுபத்திரண்டு. பத்து வருஷம் போதும். அதற்கு மேல் எனக்கே உத்தரவாதம் கிடையாது. அவள் கணக்குப் போட்டுத்தான் சொல்லியிருக்கிறாள். என் மனசு சரி என்றது.

என் கை ஐந்து என்றது.

அவள் கை அப்படியே நின்றது. பிறகு மணிக்கட்டில் ஒரு கிள்ளு. அந்தக் கிள்ளு எனக்குத் தெரியும். 'போங்களேன்' என்று அர்த்தம். நான்கு விரலைச் சேர்த்து, அதற்கு முன்னால் முழுக் கை. ஒன்பது.

ஐந்து, என்றது என் கை. தட்டியது.

எட்டு, என்றாள். தட்டினாள்.

அவளோடு பேரம் பேசி எவ்வளவு காலமாகிவிட்டது. அவள் விரல்கள் சூடேறின. சுண்டுவிரலால் என் உள்ளங்கையைச் சுரண்டினாள். அது ஏமாற்றுவேலை. எதிராளியைச் சிரிக்கவைக்கிற உத்தி. அவள் வாப்பா சொல்லிக்கொடுத்தது. நான் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தேன். அவளும் சுவரைப் பார்த்தாள். படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்.

ஏழு, என்றாள்.

ஐந்து.

முப்பத்தாறு வருஷத்தில் நான் அவளைப் பேரத்தில் ஜெயித்ததே இல்லை. இறங்கிக்கொண்டே வருகிறாள். எனக்குக் காது அடைத்துவிட்டது. என்ன சரக்கு என்பது மறந்துபோனது. எண் மட்டும்தான் இருந்தது.

ஆறு, என்றாள். ஆறில் நின்றாள். கட்டைவிரலை என் கட்டைவிரல்மேல் வைத்து அமர்த்தினாள். இது கடைசி விலை என்று அர்த்தம்.

ஒன்றுதான் பாக்கி. இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் தெருவில் பாலுக்கு அழுகிற பிள்ளைக்கும் தெரியும். கையை உருவினேன். துண்டை உதறித் தோளில் போட்டேன். பையை எடுத்தேன். எழுந்து நடந்தேன்.

நன்றாக நடந்தேன். வேண்டாதவன் மாதிரியே நடந்தேன்.

கொஞ்ச தூரத்தில் சேகுனா ஓடிவந்து கூடச் சேர்ந்துகொண்டான். சுண்டல் வாங்கியிருந்தான்.

"என்ன மச்சான், எதுல நிக்குது?"

"அவ ஆறுல நிக்கிறா. நான் அஞ்சு."

"ஆறு என்னது?"

"வருஷம்."

"வீட்டுல இருக்குற வருஷமா?"

"ஆமா."

சேகுனா நின்றுவிட்டான். என்னால் நிற்க முடியாது. நின்றால் சரக்கு வேண்டும் என்று தெரிந்துவிடும். அவன் மறுபடி ஓடிவந்தான். சுண்டல் பொட்டலம் அவன் கையில் இல்லை.

"மச்சான், நீ யாரு பக்கம் பேசுனே?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கால் மட்டும் நிற்கவில்லை.

"திரும்பு," என்றான். "திரும்பிப் போய் ஆறுன்னு சொல்லு. பத்துன்னு சொல்லு."

"உன் தங்கச்சிதானே அவ?"

"ஆமா."

"தானாத் திரும்பி வந்தவனுக்குக் குடுப்பாளா?"

எதிரே ஒரு குடும்பம் வந்தது. நாங்கள் பிரிந்து வழிவிட்டு மறுபடி சேர்ந்தோம்.

"குடுக்க மாட்டா," என்றான். "வித்துப்போச்சும்பா."

"அவதான் கூப்பிடணும்."

"அவ யாரையும் கூப்பிட்டதே இல்லையே மச்சான்."

"என்னைக் கூப்பிட்டிருக்கா."

"அது ஊமைச் சங்கு. எவன் தலையிலயாவது கட்டணும்னு வாப்பா தவிச்சுக்கிட்டிருந்தாங்க. அதுக்குக் கூப்பிட்டது."

"எனக்குத் தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"திரும்பும்போதே தெரியும்."

சேகுனா என் தோளில் கையை வைத்தான். பிறகு எடுத்துக்கொண்டான். ஜன்னலைத் திறக்க வேண்டும், ஆள் நிற்பார்கள் என்று சொல்லிவிட்டு வேகமாக முன்னால் போனான். அவன் அழுதான். அது கணக்கில் வராது.

நான் நடந்துகொண்டிருக்கிறேன்.

நடைவழி முடிந்து வாசல் வந்துவிட்டால் பேரம் முடிந்தது. கடைக்கு வெளியே போனவனை யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் வெளியே பஸ் சத்தம் கேட்கிறது. விடுமுறை விட்டிருக்கிறார்கள். கூட்டம் கூடுகிறது. வாசல் வெளிச்சம் தள்ளிப் போகிறது. இத்தனை நாள் அந்தப் பஸ்களைத் திட்டியிருக்கிறேன். இப்போது ஒவ்வொன்றாக வந்து சேர வேண்டும் என்று துஆ கேட்கிறேன்.

எதிரே வந்த ஒருவர் என்னைப் படம் எடுத்தார். நான் அசையாமல் நிற்கவில்லை. படத்தில் கலங்கித்தான் விழுந்திருப்பேன்.

பையில் என்னமோ இடுப்பில் இடித்தது. கையை விட்டுப் பார்த்தேன். தைத்த செருப்பு. கொடுக்க மறந்துவிட்டேன். அவள் எழுந்து வர நினைத்தாலும் ஒரு காலில்தான் செருப்பு. ஜன்னல் வழியாகத் தரையில் வெயில் விழுந்து கிடக்கிறது. நடந்துகொண்டே செருப்பைக் கீழே விட்டேன். எடுத்துக்கொண்டு வரட்டும். கை தவறி விழுந்த மாதிரிதான் விட்டேன். யாரும் ஒன்றும் நினைக்க முடியாது.

பின்னால் வெகுதூரத்தில் மச்சாதுவின் குரல் கேட்கிறது. புதுக் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"இந்த அம்மா எழுந்து நடந்து போன புருஷனுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க. திரும்பிக்கூடப் பார்க்காமப் போனாராம்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தங்கள் கேட்டன. திரும்பிப் போய் மறுக்கலாம் என்றால் மறுப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

நடக்கிறேன். ரொம்ப வேகமாக நடந்தால் வாசல் வந்துவிடும். ரொம்ப மெதுவாக நடந்தால் காட்டிக்கொடுத்துவிடும். துண்டை இரண்டு கைமேலும் போட்டிருக்கிறேன். உள்ளே என் வலது கை இடது கையைப் பிடிக்கிறது. முழுக் கை. விட்டு, மறுபடி முழுக் கை. தட்டவில்லை. அழுத்துகிறது.

பத்துக்குச் சம்மதம். அதைச் சொல்ல அவள் என்னைக் கூப்பிட வேண்டும்.

இன்னொரு பஸ் வருகிறது.